குளூட்டன் இல்லாத பிஸ்கட்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு சீலியாக் நோய். கோதுமை கலந்த எதையும் அவள் சாப்பிடக் கூடாது. இது தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், பள்ளிக்கூட வாசலில் பார்க்கும் அம்மாக்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதிலும் கடையில் விற்கும் குளூட்டன் ஃப்ரீ பிஸ்கட்டைப் பற்றித்தான் அதிகம். சாப்பாட்டுக்கு நமக்கு இட்லி, தோசை, சோறு இருக்கிறது. டீயோடு கடிக்க ஏதாவது என்னும்போதுதான் திண்டாட்டம். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். சோதனை, சிகிச்சை விஷயங்களில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு.

குளூட்டன்னா என்னங்க? அரிசியில அது இருக்குமா?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம் அது. பரோட்டா மாஸ்டர் விசிறும்போது மாவு கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவைக்குக் காரணம் குளூட்டன்தான். மைதா, ரவை, ஆட்டா, சம்பா கோதுமை எல்லாமே கோதுமைதான். கடையில் வாங்கும் சேமியாவும் பெரும்பாலும் அதுதான்.

அரிசியில் இல்லை. ராகி, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, மக்காச்சோளம், பருப்பு வகைகள், மரவள்ளிக்கிழங்கு எதிலும் இல்லை.

இது இல்லாத பிஸ்கட்டை யார் சாப்பிடணும்? நாங்களும் மாறிட்டா உடம்புக்கு நல்லதுதானே?

சீலியாக் உள்ளவர்களுக்குக் கட்டாயம். குளூட்டன் உள்ளே போனால் அவர்களுடைய நோய் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் மழுங்கிவிடும். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, குழந்தை வளர்த்தி இல்லாமல் நிற்பது எல்லாம் அதனால் வருவதே. இதைக் குணப்படுத்த மாத்திரை கிடையாது. ஆயுள் முழுக்க குளூட்டனைத் தவிர்ப்பதுதான் சிகிச்சை. கோதுமை ஒவ்வாமை என்பது வேறு நோய், அவர்களும் கோதுமையைத் தவிர்க்க வேண்டும். இரண்டும் இல்லாமலே கோதுமை சேராதவர்களும் உண்டு.

இந்த மூன்றிலும் வராதவருக்கு இந்த பிஸ்கட்டால் தனியாக ஒரு நன்மையும் இல்லை. சர்க்கரையும் கொழுப்பும் இதிலும் உண்டு. பல பாக்கெட்டுகளில் நார்ச்சத்தும் புரதமும் குறைவு, ஏனென்றால் கோதுமைக்குப் பதில் போடுவது அரிசி மாவும் ஸ்டார்ச்சும்தான். ஆசைக்கு வாங்கிப் பாருங்கள், தப்பில்லை. உடம்பு இளைக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள்.

எங்க தாத்தா காலத்துல இப்படி ஒரு நோயே இல்லையே. இதெல்லாம் இப்ப வந்த ஃபேஷன்தானே?

இல்லை. வில்லெம் கரெல் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் இந்த நோயுள்ள பிள்ளைகளுக்குக் கோதுமைதான் எதிரி என்று சந்தேகித்து வந்தார். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944-45 குளிர்காலத்தில், அவருடைய நாட்டில் ரொட்டிக்கே பஞ்சம். ஊரே பட்டினி கிடந்தபோது சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள்; ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. 1950-ல் அவர் இதைத் தம் ஆய்வேட்டில் எழுதினார்.

நம் பக்கம் கோதுமை தினசரிச் சாப்பாடாக இல்லாததால் பலருக்கு வெளியே தெரியாமலே இருந்திருக்கும். இந்தியாவில் வடக்கோடு ஒப்பிட்டால் தெற்கில் இந்த நோய் குறைவு. அதனாலேயே இங்கே இதை யாரும் சட்டென்று சந்தேகப்படுவதில்லை.

டெஸ்ட் எல்லாம் எதுக்கு? ரெண்டு வாரம் கோதுமையை நிறுத்திட்டு இந்த பிஸ்கட்டைக் குடுத்துப் பாத்தா தெரிஞ்சுடாதா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதலில் டிடிஜி என்ற எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டுமே, ஆள் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாகக் காட்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். அப்புறம் சோதனைக்காகவே குறைந்தது ஆறு வாரம் மறுபடி கோதுமை சாப்பிட வேண்டிவரும். வயிறு கொஞ்சம் தேறிய பிள்ளைக்கு மறுபடி சப்பாத்தி கொடுத்து நோகடிப்பது பெற்றவர்களுக்கு எவ்வளவு கஷ்டம்! முதலில் சோதனை, அப்புறம் பிஸ்கட்.

ராகி பிஸ்கட், தினை பிஸ்கட்னா கோதுமை இருக்காதுல்ல?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதுதான். அதிகம் பேர் ஏமாறுவதும் இங்கேதான். நம் சேர்வராயன் மலைக்காரர்கள் விளைவிக்கும் சாமையிலும் ராகியிலும் குளூட்டன் கிடையாது, அது சரி. ஆனால் ராகி பிஸ்கட் என்று விற்பது முழுக்க ராகி அல்ல.

ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் ராகிக் கதிர் படம், பச்சை நிறம், 'சிறுதானியம்' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் மடிப்புக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் சேர்பொருள் பட்டியல். முதல் பெயர் கோதுமை மாவு அல்லது மைதா. பிறகு சர்க்கரை, பாமாயில். அதற்கெல்லாம் அப்புறம்தான் ராகி வரும். எடை அதிகமான பொருள் முதலில் வர வேண்டும் என்பது சட்டம். ஆகவே ராகி நாலாவதாக நின்றால் அது மைதா பிஸ்கட்தான், ராகி பேருக்குத்தான். தினை, கம்பு, 'மல்டி கிரெய்ன்', 'டைஜெஸ்டிவ்' எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

உறவினர் யாராவது அன்போடு சிறுதானிய பிஸ்கட் வாங்கி வந்தால் அவர் மனம் நோகாமல் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டிவிடுங்கள். அடுத்த முறை அவரே பார்த்து வாங்குவார்.

அப்ப பாக்கெட்டுல எதைப் பாத்து வாங்கறது?

முதலில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி அப்படி எழுதினால் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. உலக அளவிலும் இதே வரம்புதான். 20-க்கு மேல் 100 வரை இருப்பதற்கு 'லோ குளூட்டன்' என்று பெயர். அது சீலியாக்காரர்களுக்கு ஆகாது. 'மைதா இல்லை' என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே ஆட்டா இருக்கலாம். 'நோ மைதா' என்ற வார்த்தையை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

அடுத்து ஒவ்வாமை வரி. சேர்பொருள் பட்டியல் முடிந்ததும் 'கன்டெய்ன்ஸ்' என்று தொடங்கும். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், பால், சோயா, நிலக்கடலை போன்றவை இருந்தால் இங்கே சொல்லியாக வேண்டும். அவசரத்தில் இந்த ஒரு வரியையாவது படியுங்கள். 'மே கன்டெய்ன் வீட்' என்று இருந்தால் அதே ஆலையில் கோதுமையும் ஓடுகிறது என்று அர்த்தம். முன்னால் குளூட்டன் ஃப்ரீ என்ற உறுதி இல்லாமல் இந்த எச்சரிக்கை மட்டும் இருந்தால் நான் எடுப்பதில்லை.

பட்டியலுக்குள் ஒளிந்திருப்பது மால்ட். 'மால்ட் எக்ஸ்ட்ராக்ட்', 'பார்லி மால்ட்' எல்லாம் பார்லியிலிருந்து வருவது. சத்து பானப் பொடிகளிலும் சாக்லேட் தடவிய பிஸ்கட்டுகளிலும் இது வரும். வெளிநாட்டுப் பாக்கெட்டில் கதிரைக் குறுக்கே கோடிட்ட முத்திரை இருந்தால் நல்லது. ஜி.எஃப்.சி.ஓ. என்ற சான்று அமைப்பின் முத்திரை இருந்தால் வரம்பு இன்னும் கறார், கிலோவுக்கு 10 மில்லிகிராம். ஒரு தடவை சரிபார்த்த பிராண்டையும் அவ்வப்போது மறுபடி படியுங்கள், ஏனென்றால் செய்முறையை மாற்றுவார்கள்.

ஓட்ஸ் குக்கீஸ் பரவாயில்லையா?

ஓட்ஸில் கோதுமையின் குளூட்டன் இல்லை. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது. குளூட்டன் ஃப்ரீ என்று எழுதிய ஓட்ஸ் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். சிலருக்கு அதுவும் ஒத்துக்காது. புதிதாக நோய் தெரிந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

டேபியோகா ஸ்டார்ச், குவார் கம், 415-னு என்னென்னவோ போட்டிருக்கே, எல்லாம் கெமிக்கலா?

டேபியோகா ஸ்டார்ச் என்பது நம்ம ஊர் மரவள்ளி மாவுங்க! ஆத்தூர் பக்கம் பஸ்ஸில் போனால் ரோட்டோரம் மரவள்ளிக் காடும், களத்தில் வெள்ளை வெளேரென்று காயும் மாவும் ஜவ்வரிசியும் கண்ணில் படும். 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இதை விற்பதற்காகவே சேலத்தில் இயங்குகிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே மாவைத்தான் குளூட்டன் இல்லாத பிஸ்கட்டில் மொறுமொறுப்புக்கும் பிடிப்புக்கும் சேர்க்கிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் இதைப் பார்த்துப் பயப்படுவது எனக்கு உண்மையிலேயே மனசு கேட்பதில்லை.

குவார் கம், அதாவது 412, கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது. 415 என்பது சாந்தன் கம். சர்க்கரையை நுண்ணுயிர் கொண்டு புளிக்கவைத்து எடுக்கும் பசை. குளூட்டன் செய்யும் பிடிமான வேலையை இவை செய்கின்றன. 500 என்று இருந்தால் சோடா உப்பு. இவற்றில் எதிலும் குளூட்டன் இல்லை.

ருசி எப்படி இருக்கும்? ஒரு தடவை வாங்கினோம், வாயில மணல் மாதிரி இருந்துச்சு.

அரிசி மாவு அதிகமான பிஸ்கட்டில் அந்த நறநறப்பு வரும். உடைத்தால் 'டக்'கென்று ஒடியாமல் பொலபொலவென்று உதிரும். பாக்கெட்டின் அடியில் தூள் சேர்ந்திருக்கும். டீயில் முக்கினால் எடுப்பதற்குள் கரைந்து டம்ளர் அடிக்குப் போய்விடும். மாவைப் பிடித்து வைக்க ஆள் இல்லாததால் வரும் குறை அது.

ஆனால் எல்லா பிஸ்கட்டும் அப்படி இல்லை. குளூட்டன் இல்லாமல் ரொட்டி செய்வதுதான் கஷ்டம். குக்கீஸில் வெண்ணெயும் சர்க்கரையும்தான் முக்கிய வேலை செய்கின்றன. அதனால் முதல் தடவை வாங்குகிறவர்கள் மேரி மாதிரி மெல்லிய பிஸ்கட்டைத் தேடாமல் வெண்ணெய், பாதாம், தேங்காய், சாக்லேட் சேர்ந்த தடித்த குக்கீயாகப் பாருங்கள். பாதாம் மாவு சேர்ந்தவை ஈரப்பதத்தோடு நன்றாக இருக்கும், விலையும் கூடும். சோள மாவு, ராகி மாவு சேர்ந்தவற்றில் லேசான கசப்பு வரலாம், வெல்லம் சேர்த்தால் அது தெரியாது. டீயில் முக்க வேண்டாம். கடித்துவிட்டு ஒரு வாய் டீ குடியுங்கள்.

விலை ஏன் இப்படிக் கொள்ளை விலை? சேலத்துல எங்க கிடைக்கும்?

பல மடங்கு விலைதான், மறுக்க முடியாது. மாவே மைதாவை விட விலை. கோதுமை நுழையாத தனி ஆலையோ தனி வரிசையோ வேண்டும். ஒவ்வொரு தயாரிப்பையும் சோதிக்க வேண்டும். விற்பதோ கொஞ்சம். ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் 'ஹெல்த் ஃபுட்' அலமாரியில் தேடுங்கள். காலாவதித் தேதி பாருங்கள், மெதுவாக விற்பதால் பழைய சரக்கு நிற்க வாய்ப்புண்டு. ஆன்லைனில் வகை அதிகம். ஏற்காட்டில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், அஸ்தம்பட்டி தாண்டுவதற்குள் வாங்கிவிடுங்கள்.

நம்ம பேக்கரியில சொன்னா ராகி மாவுல செஞ்சு தரமாட்டாங்களா? விலையும் குறையுமே.

நல்ல மனசோடு செய்து தருவார்கள். ஆனால் காற்றில் மைதா பறக்கும் இடம் அது. அதே மேஜை, அதே தட்டு, அதே அடுப்பு. சேர்பொருளில் கோதுமை இல்லாமலே பிஸ்கட்டில் கோதுமை ஏறிவிடும். தூத்துக்குடி மக்ரூன் முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கருவில் செய்வது. இயல்பில் அதில் குளூட்டன் இல்லை. அதையும் பஃப்ஸ் அடுக்கிய தட்டில் வைத்திருந்தால் சீலியாக்காரர் தொடக் கூடாது.

மாவு மில்லும் இதே போலத்தான். முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போவார், அடுத்து உங்கள் ராகி விழும். கல்லிலும் பையிலும் ஒட்டிய கோதுமை உங்கள் டப்பாவுக்கு வந்துவிடும். செவ்வாய்ப்பேட்டையில் தானியம் வாங்கி, கல் நீக்கி, கழுவிக் காயவைத்து, வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்தால்தான் நிச்சயம்.

ஒரே ஒரு மேரி பிஸ்கட் சாப்பிட்டா என்ன ஆயிடப் போகுது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து கிராம் மேரி பிஸ்கட்டில் மூன்றரை கிராம் மைதா என்று வைத்தால், அதில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் சீலியாக்காரர்களின் குடல் பாதிக்கப்பட்டது. 50 மில்லிகிராம் என்பது அந்த மேரியில் ஆறில் ஒரு பங்கு, ஒரு விரல் நுனித் துண்டு. குளூட்டன் ஃப்ரீ பிஸ்கட் வரம்பை முழுசாகத் தொட்டிருந்தாலும் நூறு கிராம் பாக்கெட்டில் 2 மில்லிகிராம்தான். ஒரு மேரிக்குச் சமமான குளூட்டன் சேர அதில் பதினைந்து கிலோ தின்ன வேண்டும்.

இன்னொன்று. சாப்பிட்டவுடன் வயிறு வலிக்கவில்லை என்பதால் பாதிப்பு இல்லை என்று ஆகாது. சிலருக்கு வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே குடல் கெட்டுக்கொண்டிருக்கும். 'பாவம், குழந்தை ஏங்குது' என்று கையில் ஒன்றைக் கொடுக்கும் பாட்டிகளுக்கு இந்தக் கணக்கை நிதானமாகச் சொல்லுங்கள். பாசம் இருப்பதால் கேட்டுக்கொள்வார்கள்.

குளூட்டன் ஃப்ரீதான் குடுத்தோம், அப்பவும் வயிறு உப்புது. ஏமாத்தறாங்களா?

அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வராதீர்கள். புதிதாக நோய் தெரிந்தவர்களுக்குக் குடல் ஆறும் வரை பால் சர்க்கரை செரிக்காமல் இருப்பது சகஜம். பிஸ்கட்டில் பால் பவுடர் இருந்தால் உப்புசம் வரும். குடல் ஆறினால் பலருக்கு இது சரியாகிவிடும். மேலே சொன்ன பசைகளும், சேர்த்திருந்தால் இசப்கோலும், அதிகம் போனால் வாயு. சர்க்கரை சேர்க்காதது என்று விற்பவற்றில் சர்க்கரைக்குப் பதில் போடும் மால்டிடால் இருந்தால் வயிறு இளகும். அதனால்தான் புது பாக்கெட் என்றால் முதல் நாள் ஒன்றிரண்டு போதும் என்கிறேன். இவை எதுவும் இல்லாமல் தொந்தரவு தொடர்ந்தால், பாக்கெட்டைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். வீட்டுச் சமையலில் பெருங்காயத்தையும் பாருங்கள், கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது உண்டு.

சர்க்கரை நோய்க்கு இது ஆகுமா?

குளூட்டன் இல்லை என்றால் சர்க்கரை இல்லை என்று பொருள் அல்ல. அரிசி மாவும் ஸ்டார்ச்சும் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். அளவு பார்த்துத்தான்.

ஏற்காடு ஏறும்போது பாக்கெட் பலூன் மாதிரி உப்பிடுச்சு. கெட்டுப்போச்சா?

இல்லை. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். சேலத்தை விட அங்கே காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. வெளியே அழுத்தம் குறைய, பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று விரிகிறது. கொண்டை ஊசி வளைவு ஏற ஏற சிப்ஸ் பாக்கெட்டும் இப்படித்தான் விறைக்கும். ஓட்டை இல்லாமல் சீல் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. சேலத்திலேயே, வீட்டு அலமாரியிலேயே உப்பியிருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

மேலே பனி மூட்டத்தில் பிரித்த பாக்கெட் சீக்கிரம் நமத்துவிடும். இறுக்கமான டப்பா கொண்டு போங்கள். நமத்துப்போனதைச் சுத்தமான சட்டியில் சிறு தீயில் சில நிமிடம் சூடாக்கி ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். சப்பாத்தி போடும் கல் வேண்டாம்.

நம்ம ஊர்ல தட்டுவடை செட் இருக்கு, கடலை மிட்டாய் இருக்கு. இந்த பிஸ்கட்டே எதுக்கு?

பெரியவர்களுக்கு அது போதும், நானும் அதைத்தான் முதலில் சொல்வேன். தட்டுவடை அரிசி மாவு. மைதா சேர்க்கிறார்களா, எண்ணெயில் சமோசா பொரித்தார்களா, பெருங்காயம் என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் செய்தால் கவலையே இல்லை.

குழந்தைக்கு விஷயம் வேறு. வகுப்பில் எல்லோரும் பிஸ்கட் பிரிக்கும்போது தன்னிடமும் ஒரு பிஸ்கட் இருப்பது அதற்குப் பெரிய விஷயம். ருசிக்காக இல்லை, கூட்டத்தோடு சேர்ந்திருப்பதற்காக. அந்தக் காசை நான் வீண் செலவாக நினைத்ததே இல்லை.

பையனை ஏற்காட்டுல ஹாஸ்டல்ல சேக்கறோம். பிஸ்கட் குடுத்து அனுப்பினா போதுமா?

பிஸ்கட் மட்டும் போதாது. மருத்துவர் கடிதத்தோடு வார்டன், சமையல்காரர் இருவரையும் நேரில் பாருங்கள். சமையல்காரர் தான் முக்கியம். சாம்பாருக்குப் போடும் பெருங்காயம், தோசைக்கல், கரண்டி பற்றி அவரிடம் பொறுமையாகப் பேசுங்கள். பிஸ்கட்டைச் சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்கி, பெயர் எழுதிய தனி டப்பாவில் வையுங்கள். ஜாம் பாட்டிலும் தனியாக வேண்டும், ரொட்டித் தூள் ஒட்டிய கரண்டி பொது பாட்டிலில் விழும்.

பிள்ளைகள் பங்கு போட்டுத் தின்பார்கள், அதைத் தடுக்க முடியாது. அவன் மற்றவர்களுக்குத் தன்னுடையதைக் கொடுக்கலாம், மற்றவர்களுடையதை வாங்கக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். அதனால் கணக்கை விட ரெண்டு பாக்கெட் கூடவே வையுங்கள்.